இருட்டுக்கு ஒரு சிவப்பு விளக்கு

டார்ச் அடித்தால் தெரியும். இது குழந்தைக்குக் கூடத் தெரிந்த சங்கதி. ஆனால் டார்ச் அடித்த காரணத்தால் காணாமல் போகிற வஸ்துவும் உலகத்தில் உண்டு. ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில். நம் தலைக்கு மேலேயே.

நட்சத்திரங்கள்.

புதுச்சேரியிலிருந்து வடமேற்கே கொஞ்ச தூரம் போனால் வானூர். பெயரிலேயே வானத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஊர். அங்கிருந்து கழுவேலி ஏரியைச் சுற்றிக்கொண்டு கடலோரமாக வடக்கே ஏறினால் மரக்காணம் உப்பளங்கள். தமிழ்நாட்டு உப்புக்குத் தூத்துக்குடி, வேதாரண்யம். அடுத்த பெயர் மரக்காணம்தான். தட்டையான பாத்திகள். மரம் கிடையாது, மாடி கிடையாது. நாலா பக்கமும் அடிவானம் தரையைத் தொடும். நட்சத்திரம் பார்க்க இதைவிடத் தோதான மொட்டைமாடி கிடைக்காது.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. உப்பு விளைய வெயில் வேண்டும், மேகம் கூடாது. தை மாதத்து வாக்கில் வேலையை ஆரம்பித்தால் கோடை முழுக்க உப்பு எடுப்பார்கள். ஐப்பசி மழை வந்துவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். நட்சத்திரம் பார்க்கிறவர்களின் காலண்டரும் ஏறக்குறைய இதேதான். உப்புக்கு நல்ல வானம் நட்சத்திரத்துக்கும் நல்ல வானம்.

சரி, ஓர் அமாவாசை ராத்திரி அங்கே போய் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் வைத்திருப்பது ஒற்றையடி வரப்பு. இடறினால் உப்புத் தண்ணீர். கையில் வான வரைபடம். எது கார்த்திகை, எது அகத்தியர் என்று அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். படத்தைப் பார்க்க வெளிச்சம்? சட்டென்று செல்போன் டார்ச்சைத் தட்டுகிறீர்கள். படம் பளிச்சென்று தெரிகிறது. தலையை நிமிர்த்தினால் வானம் காலி. அரை மணி நேரம் காத்திருந்து கண் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே நொடியில் செலவழித்தாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து அரை மணி.

இதற்கு ஒரு மாற்று, சிவப்பு டார்ச். வீட்டிலேயே செய்துவிடலாம். பழைய டார்ச், சிவப்புக் கண்ணாடித் தாள், ஒரு ரப்பர் பேண்ட். செய்முறை பிறகு. அதற்கு முன்னால் இந்தச் சிவப்பின் பின்னாலிருக்கும் சரித்திரம். அதில் தவளை வரும், முயல் வரும், கேரட் வரும், நீர்மூழ்கிக் கப்பல்கூட வரும். முதலில் வருகிறவர் ஒரு துரதிர்ஷ்டசாலி பிரெஞ்சுக்காரர்.

*

அவர் பெயர் கியோம் லெ ஜான்டி. பாரிஸ் அறிவியல் கழகத்து ஆசாமி. 1761 ஜூன் 6-ம் தேதி வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து போகவிருந்தது. பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து அதைப் பார்த்து நேரத்தைக் குறித்துவிட்டால் சூரியன் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். லெ ஜான்டிக்குக் கிடைத்த மூலை, நமது புதுச்சேரி.

1760 மார்ச்சில் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் போர். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. மாஹே அருகே வந்த பிறகுதான் இந்தச் செய்தியே அவருக்குத் தெரியும். கப்பலைத் திருப்பினார்கள். ஜூன் 6 அன்று மனிதர் நடுக்கடலில். வானம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆடுகிற கப்பலில் நின்று எதைத் துல்லியமாகக் குறிப்பது?

வெள்ளி அடுத்து 1769-ல் கடக்கும். எட்டு வருஷம்தானே என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். அதற்குள் சமாதானம் ஆகி, புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. 1768 மார்ச் 27-ம் தேதி வந்து இறங்கினார். இடித்துத் தள்ளப்பட்ட கோட்டையின் மிச்சத்தின் மேல் அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தார்கள். கீழே வெடிமருந்துக் கிடங்கு, மேலே வானியல். நேற்று வரை எதிரிகளாக இருந்த சென்னை ஆங்கிலேயர்களே ஒரு தொலைநோக்கியை அனுப்பி வைத்தார்கள்.

1769 ஜூன் 4. அதிகாலை. அதற்கு முந்தைய பல நாள் காலைகள் கண்ணாடி மாதிரி இருந்தன. அன்றைக்கு மட்டும் மேகம். வெள்ளி கடந்து முடிந்த பிறகு சூரியன் வெளியே வந்து, அன்று முழுக்க ஜம்மென்று காய்ந்தது. 1771-ல் பிரான்ஸ் திரும்பினால் அங்கே இன்னொரு அடி. ஆள் செத்துப்போயாயிற்று என்று முடிவுகட்டி, சொத்தைப் பங்கு போட வாரிசுகள் தயாராகியிருந்தார்கள். கழகத்தில் அவரது நாற்காலியும் கைமாறியிருந்தது.

உலகம் லெ ஜான்டியை இந்தத் தோல்விக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியது அவர் எழுதிவைத்த வேறு இரண்டு சமாசாரங்கள். ஒன்று, ஜனவரி, பிப்ரவரி மாதத்துப் புதுச்சேரி இரவுகளின் அழகு. நேரில் பார்க்காதவருக்கு அதைப் புரியவைக்கவே முடியாது என்கிற ரீதியில் உருகியிருக்கிறார். நினைவிருக்கட்டும், இது புதுச்சேரி. வானூரிலிருந்து ஒரு நடை.

இரண்டாவது, இங்கே அவர் சந்தித்த தமிழ்க் கணிதர்கள். சோழிகளைத் தரையில் பரப்பி, அவற்றை நகர்த்தியே கிரகணத்தைக் கணித்தார்கள். 1765 ஆகஸ்ட் 30-ம் தேதி சந்திர கிரகணம் எத்தனை நேரம் நீடித்தது என்பதை அந்த முறையில் கணக்கிட்டால் 41 விநாடிதான் பிசகு. ஐரோப்பாவின் அன்றைய ஆகச் சிறந்த அட்டவணை, டோபியாஸ் மேயர் போட்டது. அதில் 68 விநாடி பிசகு. எல்லாக் கிரகணத்துக்கும் இப்படி அமைந்துவிடவில்லை. சென்னை வான் ஆய்வகத்தில் முன்பு பொறுப்பு வகித்த ஜான் வாரன், 1825-ல் புதுச்சேரியில் இதே மாதிரி ஒருவரைப் பிடித்து ஒரு சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிஷ வித்தியாசம், முடிவில் 52 நிமிஷம்.

பிசகு கிடக்கட்டும். அந்த மனிதரின் கையில் புத்தகம் இல்லை, ஏடும் இல்லை. அட்டவணை மொத்தமும் சொற்களாகவும் எழுத்துகளாகவும் மனப்பாடம்.

இங்கேதான் நம் டார்ச் கதை தொடங்குகிறது. மனப்பாடம் செய்தவருக்கு ராத்திரியில் விளக்கு வேண்டாம். படித்துப் பார்த்து, எழுதி வைக்க வேண்டியவருக்கு விளக்கு இல்லாமல் ஆகாது. வானியல் அட்டவணையும் வரைபடமுமாக மாறிய பிறகு, விளக்கு வேண்டும், அதே சமயம் விளக்கு கூடாது என்ற இக்கட்டும் கூடவே வந்துவிட்டது.

*

அந்த இக்கட்டோடு நூறு வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்திய இடம் சென்னையில் இருந்தது. 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தமாகத் தொடங்கிய ஆய்வகம் அது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழும்பியது. கருவியைத் தாங்க 15 அடி உயரத்தில் ஒரு கருங்கல் தூண் நிறுத்தி, தமிழ் உள்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டினார்கள். கல்லூரிச் சாலை வானிலை ஆய்வு மைய வளாகத்தில் அந்தத் தூண் இன்றும் இருக்கிறது.

1861-ல் இந்த ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்று வந்தவர் நார்மன் போக்சன். வந்த வருஷமே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, ஆசியா என்று பெயர் வைத்தார். முப்பது வருஷம் இங்கேயே இருந்து 1891-ல் சென்னையிலேயே காலமானார். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிற அளவுகோல் இவர் 1856-ல் சொன்னதுதான். முதல் தர நட்சத்திரம் ஆறாம் தர நட்சத்திரத்தைவிட 100 மடங்கு பிரகாசம். தர எண் கூடக் கூட வெளிச்சம் குறையும். நல்ல இருட்டில், நல்ல கண்ணுக்கு, ஆறாம் தரம் வரை தெரியும்.

கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோமே, அந்த அருந்ததி நான்காம் தரம். பகல் முகூர்த்தத்தில் மண்டப வாசலில் நின்று ஐயர் கைகாட்டும் பக்கம் தலையாட்டுகிறோம். இன்றைய நகரத்தில் நள்ளிரவில் கைகாட்டினாலும் கதை அதேதான்.

போக்சனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் தென்வானத்தில், ரெட்டிகுலம் என்ற சின்ன விண்மீன் தொகுதியில், பிரகாசம் ஏறி இறங்கும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று பெயர். 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது.

ஒரு நட்சத்திரம் மங்குகிறதா, கூடுகிறதா என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அளக்கும் மின்கருவி அப்போது கிடையாது. பக்கத்திலிருக்கும் நட்சத்திரத்தோடு கண்ணால் ஒப்பிட வேண்டும். இன்று இப்படி, போன வாரம் எப்படி? குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும். குனிந்தால் எண்ணெய் விளக்கு, நிமிர்ந்தால் வானம். தொலைநோக்கி என்பது பெரிய ஒரு கண்ணாடி மட்டுமே. அளக்கும் கருவி கண்தான். அந்தக் கருவியை விளக்கு கெடுக்கிறது.

விளக்கு எப்படிக் கெடுக்கிறது? ஆய்வகங்களில் கிடைக்காத அந்தப் பதில் ஒரு தவளையிடம் கிடைத்தது.

*

தவளைக்கு முன்னால் ஒரு பூ. செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே 1825-ல் எழுதிவைத்த விஷயம் இது. விடிகிற நேரத்து அரையிருட்டில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிகிறது, நீலமும் பச்சையும் முந்திக்கொள்கின்றன. பகல் ஏற ஏறச் சிவப்புதான் எல்லாவற்றையும்விடப் பளிச். உங்கள் வீட்டுச் செம்பருத்தியிடம் நாளை காலை ஐந்தரை மணிக்கே சோதித்துப் பார்க்கலாம். பூ கறுத்திருக்கும், இலை வெளுத்திருக்கும்.

காரணம், நம் கண்ணுக்குள் இரண்டு ஷிப்ட் ஆட்கள். பகல் ஷிப்ட், கூம்பு செல்கள். சுமார் 60 லட்சம். நிறம் பார்ப்பது, எழுத்துப் படிப்பது எல்லாம் இவர்கள் வேலை. ராத்திரி ஷிப்ட், குச்சி செல்கள். சுமார் 12 கோடி. இவர்களுக்கு நிறம் தெரியாது. ஆனால் துளி வெளிச்சத்தையும் விடமாட்டார்கள்.

1876-ல் ரோம் நகரில் இருந்த பிரான்ஸ் போல் என்ற ஜெர்மானிய இளைஞர், இருட்டில் வைத்திருந்த தவளையின் விழித்திரையை எடுத்துப் பார்த்தார். செக்கச்செவேல் என்றிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துப் போனது. வெளிச்சம் பட்டால் வெளுக்கிற சாயம் ஒன்று கண்ணுக்குள் இருக்கிறது! போல் காசநோயில் முப்பது வயதில் இறந்துவிட, ஆராய்ச்சியைத் தொடர்ந்தவர் ஹைடல்பெர்க் நகரத்து வில்ஹெல்ம் கூனே. ஒரு முயலை ஜன்னலைப் பார்க்க வைத்து, பிறகு அதன் விழித்திரையைப் பதப்படுத்தி எடுத்தார். ஜன்னலின் கம்பிகள் அதில் பதிந்திருந்தன. செத்தவன் கண்ணில் கொலைகாரன் உருவம் இருக்கும் என்று கிளம்பிய துப்பறியும் கதைக்காரர்களுக்கு இது நல்ல தீனி.

அந்தச் சாயத்தின் பெயர் ரோடாப்சின். குச்சி செல்களின் மூலதனம் இதுதான். வெளிச்சம் பட்டால் செலவாகும், இருட்டில் மெதுவாக வரவு வைக்கப்படும். கூம்புகள் பத்து நிமிஷத்துக்குள் இருட்டுக்குப் பழகிவிடும். குச்சிகளின் கணக்கு நேராக அரை மணி, சில சமயம் அதற்கும் மேல். செலவோ, ஒரு நொடி. இப்படி ஒரு சேமிப்புக் கணக்கை எந்த வங்கியும் நடத்தாது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சலுகை இருக்கிறது. ரோடாப்சின் விரும்பிச் சாப்பிடுவது நீலப் பச்சை வெளிச்சம். அலைநீளத்தில் சொன்னால் 500 நானோமீட்டர் பக்கம். 640-ஐத் தாண்டிய ஆழ்ந்த சிவப்பை அது ஏறக்குறைய சீந்துவதே இல்லை. கூம்புகளுக்கோ அந்தச் சிவப்பிலும் படிக்கத் தெரியும். ஆக, மங்கலான சிவப்பு விளக்கில் பகல் ஷிப்ட் வேலை பார்க்கலாம், ராத்திரி ஷிப்டின் தூக்கம் கெடாது. சிவப்பு டார்ச்சின் ரகசியம் மொத்தமே இவ்வளவுதான்.

போட்டோ ஸ்டுடியோ டார்க் ரூமில் எரிந்த சிவப்பு பல்பு நினைவுக்கு வரும். அது வேறு கணக்கு. கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடும் காகிதத்தின் ரசாயனத்துக்குச் சிவப்பு தெரியாது. அங்கே காப்பாற்றப்பட்டது காகிதம், இங்கே கண். நிறம் மட்டும் ஒன்று.

*

ரோடாப்சினை உடம்பு எதைக் கொண்டு தயாரிக்கிறது என்பதில் நமக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. மாலைக்கண். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல் தடவித் தடவி நடந்த குழந்தைகள் நம் கிராமங்களில் நிறையப் பேர். முருங்கைக்கீரை கொடு என்று பாட்டி சொன்னதற்கு 1933-ல் காரணம் கிடைத்தது. விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை ஜார்ஜ் வால்ட் கண்டுபிடித்தார். ரோடாப்சினின் ஒரு பாகம் அதிலிருந்துதான் வருகிறது. 1967-ல் நோபல் பரிசு. இந்தியாவில் 1970-ல் தொடங்கி, குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கும் திட்டத்தின் பின்னணியும் இதுதான்.

இதே வைட்டமினை வைத்துப் பிரிட்டன் ஒரு கதை கட்டியது. இரண்டாம் உலகப் போர். ராத்திரியில் குண்டு போட வரும் ஜெர்மன் விமானங்களை இருட்டிலேயே தேடிப் பிடித்துச் சுட்டார் ஜான் கன்னிங்ஹாம் என்கிற விமானி. பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் பூனைக்கண். எப்படி முடிகிறது? நிறைய கேரட் சாப்பிடுகிறார் என்றது அரசாங்கம். நிஜத்தில் விமானத்துக்குள் ரேடார் இருந்தது. அதை மறைக்கத்தான் கேரட். வைட்டமின் ஏ குறைந்தவருக்குக் கேரட் கண் கொடுக்கும். குறையாதவர் கூடைக் கணக்கில் தின்றாலும் பூனையாக முடியாது.

கேரட்தான் கப்சா. விமானிகள் போட்டுக்கொண்ட சிவப்புக் கண்ணாடி நிஜம். அந்த யோசனை பிறந்தது எக்ஸ்ரே அறையில். மங்கலாக ஒளிரும் திரையில் எலும்பைப் பார்க்க, டாக்டர்கள் இருட்டறையில் அரை மணி சும்மா உட்கார வேண்டியிருந்தது. 1916-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் டிரெண்டலன்பர்க் ஒரு வழி சொன்னார். சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள், வெளிச்சத்தில் மற்ற வேலைகளைப் பாருங்கள், குச்சி செல்கள் பாட்டுக்கு இருட்டுக்குத் தயாராகட்டும். போர்க்காலத்தில் அமெரிக்காவில் வால்டர் மைல்ஸ் இதையே ராணுவத்துக்குச் சொன்னார். ராத்திரி விமானிகள் சிவப்புக் கண்ணாடியோடு சீட்டாடிக்கொண்டு காத்திருந்தார்கள். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்த கணமே கடலின் இருட்டு தெரிய வேண்டுமே.

போர் முடிந்து சில பத்தாண்டுகள் கழித்து அமெரிக்கக் கடற்படை சிவப்பைக் கைவிட்டு, மிக மங்கலான வெள்ளை விளக்குக்கு மாறியது. சிவப்பில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் காணாமல் போயின. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்குச் சிவப்பு வெளிச்சத்தில் கண்ணைக் குவிப்பதும் சிரமம். மங்கல் என்பது நிறத்துக்குச் சமமான முக்கியம் என்று இதிலிருந்து தெரிந்தது. கண் கூசும் சிவப்பு விளக்கும் கெடுதல்தான்.

*

இப்போது செய்முறை.

பென் டார்ச், பழைய பல்பு டார்ச், எதுவானாலும் சரி. முகப்புக் கண்ணாடிக்கு மேல் சிவப்புக் கண்ணாடித் தாளை, பரிசுப் பொட்டலம் கட்டுவார்களே அதை, மூன்று நான்கு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். பழைய இழை பல்பு என்றால் அதன் வெளிச்சத்திலேயே நீலம் குறைவு, சுலபமாக முடிந்துவிடும். வெள்ளை எல்.இ.டி. டார்ச்சுக்கு மடிப்பு கூடுதலாகத் தேவைப்படும். போதுமா என்று பார்க்க ஒரு பழைய சி.டி.யை எடுத்து, அதன் பளபளப்பான பக்கத்தில் டார்ச் வெளிச்சத்தைப் பட வையுங்கள். வானவில் தெரியும். அதில் பச்சையோ நீலமோ எட்டிப்பார்த்தால் இன்னொரு மடிப்பு.

சால்டரிங் தெரிந்தவர்களுக்கு இன்னும் நல்ல வழி. கடையில் சில ரூபாய்க்குச் சிவப்பு எல்.இ.டி. கிடைக்கும். இரண்டு பேட்டரி, 3 வோல்ட். எல்.இ.டி. சுமார் 1.9 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 1.1 வோல்ட்டுக்கு ஒரு 470 ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஓடுவது 2 மில்லி ஆம்பியர் சொச்சம். நூற்றுக்கணக்கான மணி நேரத்துக்குப் பேட்டரி தாங்கும். நீளக்கால் பிளஸ் பக்கம். அவ்வளவுதான் வயரிங்.

எவ்வளவு மங்கல்? கையெட்டும் தூரத்தில் வரைபடத்து எழுத்தைச் சிரமப்பட்டுப் படிக்க முடிந்தால் சரியான அளவு. சுகமாகப் படிக்க முடிந்தால் அதிகம். வரைபடத்தில் சிவப்பு மையால் எதையும் குறிக்காதீர்கள், டார்ச்சில் தெரியாது. மங்கலான நட்சத்திரத்தை நேராக முறைத்துப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள். பார்வையின் நட்டநடுவில் இருப்பவை கூம்புகள் மட்டுமே. குச்சிகள் சுற்றுவட்டாரத்தில்.

*

இவ்வளவு சின்ன சமாசாரத்துக்கா இத்தனை சரித்திரம் என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் பேட்டரியோடு இணைத்த அந்தச் சிவப்பு எல்.இ.டி.யை 1962-ல் உருவாக்கியவர் அமெரிக்காவின் நிக் ஹோலோன்யாக். கண்ணுக்குத் தெரியும் ஒளி கொடுத்த எல்.இ.டி.களில் முன்னோடி. நீலம் மட்டும் முப்பது வருஷம் டிமிக்கி கொடுத்தது. 1993-ல் ஜப்பானின் ஷுஜி நாகமுரா பிரகாசமான நீலத்தைக் கொண்டுவந்தார். 2014-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு. நீலத்தின் மேல் மஞ்சள் பூச்சு பூசினால் வெள்ளை. குறைந்த மின்சாரம், ஏகப்பட்ட வெளிச்சம். 2015-ல் இந்திய அரசு தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. மின்கட்டணம் குறைந்தது, நல்ல காரியம். ராத்திரி வேலை முடிந்து தனியாக வீடு திரும்பும் பெண்ணுக்குத் தெருவில் வெளிச்சம் வேண்டும். அதில் வாதமே இல்லை.

வாதம், வெளிச்சம் மேலே போவது பற்றித்தான். மேலே போகிற வெளிச்சத்தில் யாருக்கும் பாதை தெரியாது. வானம்தான் வெளுக்கும். 2011 முதல் 2022 வரை உலகெங்கும் சாதாரண மக்கள் வெறுங்கண்ணால் நட்சத்திரம் எண்ணிச் சொன்ன 50,000-க்கும் அதிகமான பதிவுகளைத் தொகுத்து, 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. பெரும்பாலான பதிவுகள் ஐரோப்பா, வட அமெரிக்காவிலிருந்து. வானத்தின் வெளிச்சம் சராசரியாக வருஷத்துக்கு 9.6 சதவிகிதம் கூடியிருக்கிறது என்றது. கூட்டுவட்டி போட்டுப் பாருங்கள். எட்டு வருஷத்துக்குள் இரண்டு மடங்கு.

நுங்கம்பாக்கத்து ஆய்வகத்தின் வாரிசுகள் போன பாதையைப் பாருங்கள். 1899-ல் வானியல் வேலை கொடைக்கானலுக்குப் போனது. அங்கே முக்கிய வேலை சூரியன், அதனால் இருட்டு ஒரு பொருட்டில்லை. 1960-ல் அங்கே இயக்குநராக வந்த வைணு பாப்புவுக்கு ராத்திரி வானம் வேண்டியிருந்தது. தேடித் தேடி, வாணியம்பாடி பக்கம் ஜவ்வாது மலையில் காவலூரைப் பிடித்தார். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஆரம்பம். அங்கே அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டு அவர் பெயரையே பெற்றது. பார்க்க அவர் இல்லை, 1982-ல் காலமாகிவிட்டார். அடுத்த பெரிய தொலைநோக்கிக்கு உயரமும் வறண்ட காற்றும் கும்மிருட்டும் தேடி, 2000-ல் லடாக்கின் ஹான்லே வரை போனார்கள். 2022-ல் ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதி இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஜன்னலுக்குக் கனத்த திரை, விளக்குக்கு மேல்மூடி, வெளிச்சம் தரையை மட்டும் பார்க்கும்படி. மக்களும் இருட்டில் தவிக்கவில்லை, வானமும் தப்பித்தது.

எழும்பூரில் தொடங்கிய ஒரு நிறுவனம் லடாக் வரை போகலாம். அதற்குச் சம்பளமும் பட்ஜெட்டும் உண்டு. வானூர்ப் பள்ளிக்கூடத்துப் பையன் எங்கே போவான்?

அவனுக்கு வாய்த்த வானம் லேசுப்பட்டதும் இல்லை. வானூர் 12 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. லண்டன்காரருக்கும் பாரிஸ்காரருக்கும் ஆயுசுக்கும் தெரியாத அகத்தியர் நட்சத்திரமும் தென்சிலுவையும் இவனுக்குத் தெற்கு அடிவானத்துக்கு மேலே நன்றாகவே ஏறி வரும். ரகுநாதாச்சாரியின் ஆர் ரெட்டிகுலி இருக்கும் தொகுதிகூடச் சென்னையைவிட இங்கே ஒரு டிகிரி கூடுதல் உயரம். எல்லாம் தெற்கே. உப்பளத்தில் நின்று தெற்கே பார்த்தால் என்ன இருக்கிறது? புதுச்சேரி. லெ ஜான்டி சொக்கிப்போன அதே புதுச்சேரி, இப்போது அடிவானத்தில் வெள்ளையாகப் பரவும் ஓர் ஒளித்திட்டு.

பறவைகளுக்கும் இதில் பங்குண்டு. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவேலி 2021-ல் பறவைகள் சரணாலயமானது. வலசை வரும் பறவைகள் பலவும் பறப்பது ராத்திரியில். நட்சத்திரங்கள் அவற்றுக்கு வழிகாட்டி. நகரத்து வெளிச்சம் அவற்றைத் திசை தப்பச் செய்கிறது. பறவைக்கென்று தண்ணீரையும் கரையையும் காப்பாற்றி வைத்தோம். மேலே இருக்கிற வழியையும் சேர்த்துக் காப்பாற்றினால்தான் அந்தக் காரியம் முழுசாகும். பெரிய செலவில்லை. தெருவிளக்கின் முகத்தைக் கீழே திருப்பி, தலையில் ஒரு தொப்பி. வளாக விளக்குகளை வேலை முடிந்ததும் அணைக்க ஓர் ஆள். பஞ்சாயத்து மனசு வைத்தால் ஆகிவிடும்.

சிவப்பு டார்ச் இதையெல்லாம் சாதித்துவிடாது. அதை வைத்து உங்கள் கையிலிருக்கும் விளக்கை மட்டும்தான் அடக்க முடியும். ஆனால் ஒரு ராத்திரி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு, எவ்வளவு கொஞ்சம் வெளிச்சம் போதும் என்பது தெரிந்துவிடும். நாளைக்கு அவனோ அவளோ ஒரு தெருவுக்கு விளக்கு போடும் பொறியாளராக வரக்கூடும்.

அடுத்த அமாவாசை என்றைக்கு என்று காலண்டரில் பாருங்கள். வீட்டிலேயே, வெள்ளை விளக்கிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்து தேதி சிவப்பு மையில் அச்சாகியிருந்தால், இந்த டார்ச்சில் தெரியாது.